நெய்யாற்றில் தேடிய கம்மல்

திருவனந்தபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் மகள் கோமு சுற்றிலும் பார்த்துவிட்டு, "அப்பா, இங்க யாருப்பா இவ்வளவு தண்ணி தெளிச்சாங்க?" என்று கேட்டாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தம்பானூர் பஸ் நிலையத்துக் கூரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் பிறந்த ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரு நனைந்திருந்தால் யாரோ வாசல் தெளித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். எனக்கு அங்கே மோட்டார் வைண்டிங் கடை. வற்றிய கிணற்றில் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகிப்போகிற மோட்டார்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. அதனால் தண்ணீர் உள்ள ஊரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் கொஞ்சம் தொழில் பயமும் வரும்.

வந்த வேலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோமுவுக்கு இன்னும் காது குத்தவில்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு ஒரு வயசிலேயே மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடுவார்கள். கோமுவுக்கு மாமன் ஒரே ஒருத்தன், என் மனைவி பேச்சியின் தம்பி இசக்கிமுத்து. அவன் எங்கள் கல்யாணத்தன்று கோபித்துக்கொண்டு போனவன். கல்யாணத்தில் அக்கா கையில் பொரி எடுத்துப் போடுவது உடன்பிறந்தவன் உரிமை. அவனைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி யாரோ பெரியவரை அழைத்துவரச் சொல்லிவிட்டு, முகூர்த்தம் தப்புகிறது என்று ஒரு பெரியப்பா மகனை விட்டுப் பொரி போட வைத்துவிட்டார்கள். நான் கழுத்தில் மாலையும் கண்ணில் ஓமப் புகையுமாக உட்கார்ந்திருந்தேன். யார் கை போட்டது என்று எனக்கே தெரியாது. இசக்கி திரும்பி வந்தான், பார்த்தான், சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பிறகு திருவனந்தபுரத்தில் ஓட்டல் வேலை பார்த்ததாகவும், அங்கேயே ஒரு மலையாளப் பெண்ணைக் கட்டியதாகவும், இப்போது நெய்யாற்றில் சுற்றுலாப் படகு ஓட்டுவதாகவும் கேள்விப்பட்டோம்.

பிடிவாதத்தில் பேச்சி அவனுக்கு அக்காதான். "எந் தம்பி மடியில்லாம வேற மடியில எம்பிள்ள உக்காராது" என்று சொன்னவள், வருஷம் வருஷமாக அதிலேயே நின்றாள். சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள், ஏசிப் பார்த்தார்கள். கோமு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தினம் காலையில் இரண்டு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை அவள் காதுமடலில் ஒட்டி அனுப்பினாள். தூரத்திலிருந்து பார்த்தால் கல் வைத்த கம்மல் மாதிரியே இருக்கும். கிட்டே போய்ப் பார்த்த ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்குக் கோமு அழுதுகொண்டே வந்த பிறகுதான் பேச்சி இறங்கி வந்தாள். அதுவும் பாதிப் படிதான்.

"நீங்க போய் முறையா அழையுங்க. பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. ஆனா இவளுக்கு இன்னும் காது குத்தலங்கிறத அவங்கிட்டச் சொல்லக் கூடாது. எரக்கப்பட்டு ஒருத்தனும் எம் வாசல மிதிக்க வேண்டாம். மாமன்னு வந்தா வரட்டும். வரலன்னா அந்தக் காது அப்படியே கெடக்கட்டும்" என்றாள். என் தலையில் கைவைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும். அந்த வாய்க்கு இந்தப் பூட்டு.

பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, தாம்பாளச் சாமான் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். வத்தல் நெடியும் பெருங்காய வாசனையுமாக, நம்மூர்ப் பலசரக்குக் கடைத் தெருவைப் பிடுங்கிக் கொண்டுவந்து நட்டது போலிருந்தது. வெற்றிலைக் கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும் "அண்ணாச்சிக்குக் கோவில்பட்டிப் பக்கமோ?" என்றார். தனக்குப் பாளையங்கோட்டை என்றார். அடுத்த மூச்சில் கடைப்பையனிடம் மலையாளத்தில் ஏதோ கத்தினார். ஓட்டலில் ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கக் கொடுத்த தண்ணீர் ரோஸ் நிறத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. கோமு அதைக் கலர் என்று நினைத்து இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, இனிக்கவே இல்லை என்று புகார் சொன்னாள்.

பஸ்ஸில்தான் கோட்டைவிட்டேன். போர்டெல்லாம் மலையாளம். "நெய்யாறு போகுமா?" என்று கேட்டேன், கண்டக்டர் தலையை ஆட்டினார், ஏறிவிட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போய் இறக்கிவிட்ட இடம் நெய்யாற்றின்கரை. அணையையும் காணோம், படகையும் காணோம். கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாக ஒரு பாலத்துப் பக்கம் கையைக் காட்டி, நெய்யாறு இங்கேயும் ஓடத்தானே செய்கிறது என்றார். இன்னொரு பஸ் பிடித்து, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, அணைப் பக்கம் இசக்கி வீட்டைத் தேடிச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

கதவைத் திறந்தது அவன் மனைவி லதிகா. கையில் ஈரத் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க, அவர் டியூட்டில இருக்கார்" என்று மலையாளத்தில் சொல்லிச் சாயா போடப் போனாள். கோமுவின் தலையைத் தடவி "மோளே" என்றாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் முறைப்படி அழைப்பு என்பது வீட்டுக்குள் வைத்து, விளக்கு எரியும்போது சொல்ல வேண்டியது. புருஷன் இல்லாவிட்டால் பெண்டாட்டி வாங்கிக்கொண்டாலும் அழைத்ததுதான். தாம்பாளத்தை எடுத்து அவள் முன் நீட்டினேன். வெற்றிலை பாக்கைக் கண்டதும் அவள் நெருப்பைத் தொட்டவள் மாதிரி இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டாள். தலையைத் தலையை ஆட்டிச் சுவர் வரைக்கும் பின்வாங்கினாள்.

எனக்கு முகம் செத்துவிட்டது. சாயாவைப் பாதி குடித்துவிட்டு எழுந்தேன். திரும்பும் பஸ்ஸில் வாய்க்கு வந்தபடி முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கோபக்காரன் இசக்கி மட்டும் என்று நினைத்தோம், வீட்டுக்காரியையும் பழக்கி வைத்திருக்கிறான் என்று தோன்றியது.

மறுநாள் சரியான பஸ் பிடித்து நேரே அணைப் பூங்காவுக்கே போனோம். வாசலைத் தாண்டியதும் என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முன்னால் அத்தனை பெரிய தண்ணீர், சத்தமே இல்லாமல். அதற்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் மலை, எல்லாவற்றுக்கும் பின்னால் மேகத்துக்குள் அரைகுறையாக அகத்தியர் மலை. பாபநாசம் போகும்போதெல்லாம் மேற்கே பார்த்துக் கும்பிடுகிற பொதிகைதான் அது. இங்கே அதே மலை கிழக்கே இருந்தது. இத்தனை நாள் முகத்தை மட்டும் பார்த்த ஆளின் முதுகைப் பார்க்கிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

படகுத் துறையில் இசக்கி நின்றான். வயிறு போட்டிருந்தான், மீசை மாறவில்லை. தோளில் ஒரு தோர்த்துத் துண்டு. எங்களைப் பார்த்ததும் கயிற்றை மெதுவாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் வந்தான்.

"வாங்க அத்தான். சுகந்தானே?"

"சுகந்தான் மாப்ளே. நேத்து வீட்டுக்கு வந்தேன்."

"லதிகா பறஞ்சா. என்ன விசேசம்?"

"காதுகுத்து."

"யாருக்கு?"

"பிள்ளைக்கு" என்றேன். அதற்குமேல் என் வாயில் பேச்சியின் பூட்டு தொங்கியது.

அவன் கோமுவைப் பார்த்தான். அவள் காதில் இரண்டு சிவப்புக் கல் ஜம்மென்று இருந்தது. வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"இவளுக்கு அந்தப் பொரி போட்டவன்தானே மடி குடுத்திருப்பான்? எளையதுக்கும் அவனே குடுக்கட்டும். பழகின மடி, அது மதி, அது போதும்" என்றான்.

நான் தாம்பாளப் பைக்குள் கையைவிட்டேன். அவன் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான். "இங்க வச்சு அழைச்சிராதீங்க. இது வழி. வழியில அழைக்கிறது அழைப்பில்லன்னு எங்கம்மா சொல்லித் தந்திருக்கா, கேட்டோ."

"சரி, எப்ப வீட்ல இருப்ப?"

"சீசன் டைம் அத்தான். சொல்ல முடியாது."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எங்களுக்கு இருப்பதே ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு இருப்பது வெறுங்காது, உன்னால்தான் என்று கத்தியிருப்பேன். கத்தாமல் கோமுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மான் பார்க்கப் போனேன்.

அந்தப் பகல் முழுவதும் என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்லும்படி ஒன்றுமில்லை. மான்கள் மரநிழலில் படுத்து அசைபோட்டன, நாங்கள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி தின்றோம். முதலைகள் கரையில் வாயைப் பிளந்தபடி கிடந்தன. கோமு வெகுநேரம் பார்த்துவிட்டு, அவை கொட்டாவியை முடிக்க மறந்துவிட்டன என்றாள். மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து தண்ணீரைத் தொட்டது, பிறகு எதையோ வைத்துவிட்டு வந்தது போலத் திரும்பிப் போனது. கழுத்து மட்டும் வெளியே தெரிய ஒரு கறுப்புப் பறவை நீந்தியது. பாம்பு என்று நான் எழுந்து ஓடப் பார்த்தேன். பாம்புத்தாரா, ஒன்றும் செய்யாது என்று பக்கத்திலிருந்த சாயாக் கடைக்காரர் சிரித்தார். அங்கே உட்கார்ந்திருந்தபோது கோவில்பட்டி என்று ஓர் ஊர் இருப்பதும், அங்கே காற்றைக் குடித்துக் கருகிய மோட்டார்கள் எனக்காகக் காத்துக்கிடப்பதும் எப்போதோ யாரோ சொன்ன சங்கதி போல இருந்தது. என் மகளுக்குக் காது குத்தாதது மட்டும் நிஜமாக இருந்தது.

இருட்டுவதற்குள் லாட்ஜுக்குத் திரும்பினோம். படுக்கும்போது கோமு கேட்டாள். "மாமாவுக்கு என்னயப் பிடிக்கலயாப்பா?" உன்னைப் பிடிக்கும், என்னைத்தான் பிடிக்காது என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது, உடனே தூங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் கடைசி முயற்சி. ராத்திரி பஸ்ஸுக்கு ஊர் திரும்ப வேண்டும். இந்த முறை சுற்றுலாப் பயணியாகவே சீட்டு எடுத்துக்கொண்டு அவன் படகில் ஏறினேன். கூட ஒரு புதுமணத் தம்பதியும், குடையை மடியில் கிடத்தியிருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் இருந்தார்கள். இசக்கி எனக்கு மிதவைச் சட்டையைத் தூக்கிப் போட்டான். கோமுவுக்கு மட்டும் தானே மாட்டி வாரை இறுக்கிவிட்டு, "மாமன் பக்கத்தில இருந்தோ" என்று என்ஜின் அருகே உட்கார வைத்துக்கொண்டான். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

படகு போகப் போகக் கரை இரண்டு பக்கமும் விலகியது. தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது, படகு அதன் மேலேயே ஏறிப் போனது. இசக்கி கோமுவிடம் மட்டும் பேசிக்கொண்டு வந்தான். அதோ அந்தத் திட்டில் சிங்கம் இருக்கிறது, பகலெல்லாம் தூங்கும். அதோ அந்தச் சரிவில் யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க வரும். அவன் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடித்தான். கோமு புரிந்ததற்கும் புரியாததற்கும் சேர்த்துத் தலையாட்டினாள்.

ஒரு வளைவில் தூறல் பிடித்தது. வாத்தியார் குடையை விரித்தார். இசக்கி என்ஜினைத் தணித்துவிட்டு, தோளிலிருந்த தோர்த்தை எடுத்துக் கோமுவின் தலையைத் துவட்டினான். நம்மூர் ஆள் துவட்டுகிற மாதிரியே, காதோடு கழுத்தோடு சேர்த்து அழுத்தி. துவட்டி முடித்தவன் அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்தான்.

"அய்யோ, கம்மல் போச்சு" என்றான்.

உடனே என்ஜினை நிறுத்தினான். "யாரும் எந்திரிக்காதீங்க. காலைத் தூக்குங்க, பிள்ளையோட கம்மல் விழுந்திட்டு" என்று இரண்டு பாஷையிலும் சொன்னான். மண்டிபோட்டுப் பலகை இடுக்கெல்லாம் விரலால் துழாவினான். புதுமாப்பிள்ளை கூடவே குனிந்தான். வாத்தியார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். தங்கம் என்றால் எல்லாருக்கும் பதற்றம் வந்துவிடுகிறது. நான் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இசக்கி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். "என்ன அத்தான் சும்மா இருக்கீங்க? அக்கா என்னயல்லா ஏசுவா. எம் படகில வச்சுப் போச்சின்னு சொல்லுவா."

அப்போது கோமு அவன் தோளைத் தொட்டாள்.

"மாமா, அது கம்மல் இல்ல. பொட்டு."

தோர்த்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டை எடுத்துக் காட்டினாள். பிறகு இன்னொரு காதிலிருந்ததையும் தானே உரித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "எனக்கு இன்னும் காது குத்தல மாமா" என்றாள், ஏதோ அவன்தான் அதற்காக வருத்தப்பட்டுவிடக் கூடாது என்பது போல.

இசக்கி அவள் காதுமடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். துளையே இல்லை. மற்றக் காதையும் பார்த்தான். பிறகு படகின் அடிப்பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான். யாருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. படகு தன்போக்கில் மிதந்தது. தூறல் விழுகிற சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில்தான் நீர்நாய்கள் வந்தன. முதலில் ஒரு தலை, பிறகு நாலைந்து. வழுவழுப்பான சின்னத் தலைகள், மீசையில் தண்ணீர் முத்து. படகைச் சுற்றி ஒருமுறை வந்து, முங்கி, தூரத்தில் போய் எழுந்தன. எங்கள் எல்லாரையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது போலிருந்தது. கோமு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இசக்கி பார்க்கவில்லை. அவன் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாத்தியார்தான் மெதுவாக, "மோனே, போகலாமா?" என்றார்.

துறையில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு அவன் என்னிடம் கேட்டான். "எளையது?"

"எளையதும் இல்ல, மூத்ததும் இல்ல. ஒண்ணே ஒண்ணு. இவதான்."

"இத்தன வருசமா வேற யாரு மடியிலயும் வைக்கலயா?"

"வைக்க விடல. நான் சொல்லிப் பாத்தேன், ஊரே சொல்லிப் பாத்தது. எந் தம்பி மடியில்லாம கிடையாதுன்னுட்டா. இதையும் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கித்தான் அனுப்பினா. நான் சொல்லல, பாத்துக்கோ."

அவன் மிதவைச் சட்டைகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினான். மாட்டிக்கொண்டே அழுதான். பெரிய உடம்பு, குலுங்கியது. "நான் என்னெல்லாம் நெனச்சேன் அத்தான். என்னய மறந்தே போயிட்டாங்கன்னுல்லா நெனச்சேன்" என்றான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அழுவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லையா மாப்ளே, சீட்டு வாங்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாயந்திரம் அவன் வீட்டில் விளக்கேற்றி, இருவரையும் நிற்கவைத்து, தாம்பாளத்தை நீட்டினேன். இசக்கி வாங்கிக்கொண்டான். லதிகா அப்போதும் தயங்கினாள். அவன் விளக்கிச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவர்கள் பக்கம் வெற்றிலையும் பாக்கும் சின்னவர்கள் பெரியவர்கள் கையில் கொடுத்துக் காலில் விழுவதாம். மூத்தவர் தனக்குத் தட்சிணை கொடுக்க வந்தால் எப்படி வாங்குவது, பாவமல்லவா என்று இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லையாம் அவள். அவளை நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

மட்டை அரிசிச் சோறும் மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் இசக்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி எடுத்துவந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோமுவை மடியில் கிடத்திக்கொண்டான். எண்ணெயைத் தொட்டு அவள் காதுமடலை மெல்ல உருவிவிட்டான். "வளந்த காது அத்தான், மடல் தடிச்சுப் போச்சு. இப்ப குத்தினா நோவும். குத்துற நாள் வரைக்கும் தினம் எண்ணெய் போட்டு உருவச் சொல்லுங்க அக்காகிட்ட" என்றான். சொல்லிவிட்டு, "வேண்டாம், நானே வந்து சொல்லுதேன்" என்றான். கோமு இரண்டு கேள்வி கேட்டாள், மூன்றாவதைப் பாதியில் விட்டுத் தூங்கிப்போனாள்.

வெளியே கடைசி பஸ் ஹாரன் அடித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பிள்ளையைத் தூக்கு என்றேன். அவன் அசையவில்லை.

"எழுப்பாதீங்க அத்தான்" என்றான்.

பஸ் போய்விட்டது. நான் முக்கிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய்க் கடை நம்பருக்குப் போன் போட்டேன். எங்கள் வீடு கடைக்குப் பின்னால்தான், பேச்சிதான் எடுத்தாள்.

"இன்னைக்கு வரல. நாளைக்குத்தான் கிளம்புவோம்" என்றேன்.

"ஏன், என்னாச்சு?"

"பிள்ள தூங்கிட்டா."

"லாட்ஜிலயா?"

"இல்ல. அவ மாமன் மடியில."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன். பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எழுப்பாதீங்க" என்றாள்.